நாத்திகனின் கடைசி வாரம்

உபதேசியார் ஞானாபரணம் மிஷன் பத்திரிகையில் எழுதிவந்த தொடர்கதையில், வேதத்தைக் கேலி செய்யும் நாத்திகன் ஒருவன் வந்தான். சுயமரியாதை மேடைகளில் முழங்கும் ஒத்தக்கடை முத்திருளனின் அதே மீசை, அதே வாய்!

"கேள்வியும் அவரே, பதிலும் அவரே எழுதினா யாருதான் செயிக்க மாட்டா?" என்று முத்திருளன் சிரித்த சிரிப்பில் யானைமலையே ஒரு முழம் நகர்ந்தது.

மறுவாரம் கதையில் நாத்திகனின் காளை செத்தது. மூன்றாம் நாள் முத்திருளனின் காளையும் செத்தது. அடுத்த வாரம் நாத்திகனுக்குக் கை ஒடிந்தது. முத்திருளனும் வரப்பில் வழுக்கிக் கையை ஒடித்துக்கொண்டார். இந்த வாரம் நாத்திகனைப் பாம்பு கடித்துவிட்டது. 'அடுத்த வாரம் முடியும்' என்று போட்டிருந்தது.

ஊரே அவரைப் பாடையில் வைத்துப் பார்த்தது. தையற்காரர் அவர் கொடுத்திருந்த சட்டைத் துணியைத் தொடவேயில்லை.

"அடுத்த வாரம் பாத்துக்கிட்டுத் தைக்கலாம்ணே."

முத்திருளன் உபதேசியார் வீட்டுக்கு ஓடினார். "முடிவை மாத்துங்கய்யா!"

உபதேசியார் இளகிப்போனார். "பயப்படாதீங்க, அவன் சாகல. முழங்கால்போட்டு ஜெபிச்சு, பிழைச்சு, ஞானஸ்நானம் வாங்கிக்கிடுறான்."

"அச்சாபீசுல அதைக் கேட்டுட்டுத்தான்யா ஓடியாந்தேன்." ஒடிந்த கையையும் சேர்த்துக் கும்பிட்டார் முத்திருளன். "தயவுசெஞ்சு கொன்னுருங்க!"