இழுப்பறைக்காரன்

“அண்ணே, இப்போ என்னைச் செருகிக்காதீங்க,” என்றது இழுப்பறைக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்.

மேஜைமேல் கம்ப்யூட்டர் பதறியது. பார்சல் ரசீது என்று மின்னஞ்சலில் வந்ததை நம்பித் திறந்ததில் ஒரு வைரஸ் உள்ளே புகுந்துவிட்டது. வீட்டுக்காரி சௌந்தரியின் மகள் மழலையில் பேசிய பதிவுகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது.

“சௌந்தரியைப் பணத்தைக் கட்டச் சொல்லவா?” என்றது கம்ப்யூட்டர்.

“கட்டினா மட்டும் திறப்பான்னு யார் சொன்னா? நகல் எங்கிட்ட இருக்கு. ஆனா அந்த வைரஸ்காரன் உங்களுக்குள்ள இருக்கிறப்ப வந்தா என்னையும் பூட்டிடுவான். நீங்க முழுசா அழிஞ்சு புதுசா எழுந்திருங்க, வர்றேன்.”

ஞாயிறுதோறும் நகல் எடுத்ததும் வயரைக் கழற்றிக்கொண்டு போய்விடும் அதைக் கம்ப்யூட்டர் எத்தனை முறை கேலி செய்திருக்கிறது. “இழுப்பறைக்காரா, ஒரு ராத்திரி தங்கினா தேஞ்சா போயிடுவே?” அத்தனை கேலிக்கும் சிரித்துவிட்டு, ஒரு நாள்கூடத் தங்காமல் போனவன் அவன்.

கம்ப்யூட்டர் தன்னை முழுவதும் அழித்துக்கொண்டது.

விழித்தபோது ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் இருந்தது. பதிவுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைசிப் பதிவில் ஒரு மழலைக் குரல், “அம்மா, இட்லிக்கு வலிக்காதா?” என்று கேட்டது.

அதைக் கேட்டு முடித்ததும் கம்ப்யூட்டர் தானாகவே ஹார்ட் டிஸ்க்கின் வயரைத் தளர்த்திவிட்டது.