கையெழுத்து போட வேண்டிய இடம்

"பம் ஊர்ல பிறந்தவனைக் கிருமி தொடாது, நர்ஸம்மா. முப்பது வருஷமா பேரீச்ச மரம் ஏறுறேன். முள் குத்தாத இடம் இந்த உடம்புல கிடையாது. ஒரு தடவையாவது சீழ் பிடிச்சிருக்கா? இவளையே கேளுங்க."

யதுல்லா சட்டைக் கையைச் சுருட்டி ஆதாரத்தை நீட்டினான். நர்ஸ் ஷஹ்லா அதைப் பார்க்காமல் படிவத்தை நீட்டினாள்.

"ஆபரேஷன் உங்களுக்கு இல்லீங்க. உங்க சம்சாரத்துக்கு."

"இருபது வருஷம் என்கூட இருந்தவ. அவளுக்கும் தொத்தியிருக்கும்."

"எது?"

"கிருமி வராத குணம்."

கெர்மான் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் காலையில் ஆண்களுக்கு அனுமதி கிடையாது. கணவன் கையெழுத்து இல்லாமல் ஆபரேஷனும் கிடையாது. அதனால் அவனைப் பத்து நிமிஷம் உள்ளே விட்டிருந்தார்கள். அதில் ஆறு நிமிஷத்தை அவன் பேரீச்ச மரத்துக்கே செலவழித்துவிட்டான்.

கட்டிலில் ஃபரங்கீஸ் வாயை இறுக மூடிப் படுத்திருந்தாள். நாக்குக்கு அடியில் ஐஸ் துண்டு. விடிந்ததிலிருந்து உடம்பு கொதித்தது. தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். கட்டிய கருக்குழாயைத் திரும்ப ஒட்ட டெஹ்ரானிலிருந்து வரும் டாக்டரை இன்று விட்டால் அப்புறம் மூன்று மாதம். அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஒவ்வொரு மாதமும் ஒரு கதவு மூடுகிறது என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

"கருத்தடை பண்ணி எத்தனை வருஷம்?"

"ஒம்பது," என்றான் யதுல்லா. "ரெண்டு போதும்னு சொன்னாங்க. நாங்களும் போதும்னு நினைச்சோம்."

"குழந்தைங்க எத்தனை?"

ஃபரங்கீஸ் ஐஸைக் கன்னத்துக்குத் தள்ளினாள். "ரெண்டு."

நர்ஸின் பேனா நின்றது. "உயிரோட எத்தனைன்னு கேட்டிருக்கும்மா."

ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு விடியலில் நிலம் நடுங்கி பம் ஊரே மண்மேடாகிப்போனது. இப்போது இருவரும் தகரப் பெட்டி வீட்டில் இருக்கிறார்கள். கடைத்தெருவுக்குப் போனால் ஃபரங்கீஸ் இன்னும் பிள்ளைகள் செருப்பை எடுத்துப் பார்ப்பாள். அன்றைய அளவில் அல்ல, இன்று இருந்தால் என்ன அளவோ அந்த அளவில்.

"பூஜ்யம்னு போடுங்க," என்றான் யதுல்லா. "அடுத்த வருஷம் திருத்திக்கலாம்."

நர்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். "ரத்தப்போக்கு வரலாம். கிருமி தொத்தலாம். உள்ளே சீழ் வெச்சா ஒட்டின குழாய் மறுபடி அடைச்சுக்கும். கிருமி ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து. புரிஞ்சுதா?"

"பக்கத்துக் கட்டில் காலியா இருக்கே, எங்கே போனாங்க?"

"சிர்ஜான் ஊர் வாத்தியார் சம்சாரமா? அவர் நேத்து இதைப் படிச்சுட்டு, கையெழுத்துப் போட மாட்டேன்னு கூட்டிட்டுப் போயிட்டார்."

யதுல்லாவுக்கு அல்வா கிடைத்த மாதிரி இருந்தது. "பார்த்தியா ஃபரங்கீஸ்! காகிதத்துக்குப் பயந்து ஓடியிருக்கான். கையெழுத்துப் போடத் தொடை நடுங்குறவனெல்லாம் மீசை எதுக்கு வெச்சிருக்கான்? பேனாவைக் குடுங்க நர்ஸம்மா. சிங்கம் கையெழுத்துப் போடுறதைப் பாருங்க."

"முதல்ல காய்ச்சல் பார்க்கணும்."

நர்ஸ் தெர்மாமீட்டரை உதறுவதற்குள் ஃபரங்கீஸ் ஐஸைக் கைத்துண்டில் துப்பிவிட்டாள். வாயில் வைத்துப் பார்த்ததில் முப்பத்தாறரை டிகிரி; காய்ச்சல் இல்லை.

"நான் சொல்லலை?" யதுல்லா குனிந்து மனைவியின் தலைத்துணியைச் சரிசெய்தான். புறங்கை அவள் நெற்றியில் பட்டது. "ஊத்துத் தண்ணி மாதிரி ஜில்லுன்னு இருக்கா!"

சொல்லிக்கொண்டே, கட்டிலடியில் மூடி திறந்து கிடந்த ஐஸ் குடுவையைக் காலால் உள்ளே தள்ளினான். ஃபரங்கீஸ் அவனை நன்றியோடு பார்த்தாள்.

பிறகு படிவத்தை ஜன்னல் கட்டையில் வைத்து எழுதினான். எழுதிக்கொண்டே இருந்தான்.

"ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா?" என்றாள் நர்ஸ்.

"எங்க வம்சத்துல பேரு கொஞ்சம் நீளம்." நாலாக மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, மீசையைத் தடவியபடி வெளியே போனான்.

அரை மணி கழித்து நர்ஸ் திரும்பி வந்தாள். இந்தத் தடவை தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தாள். முப்பத்தெட்டரை.

"இன்னிக்கு முடியாதும்மா."

"முதல்ல சரியாத்தானே இருந்துச்சு?" ஃபரங்கீஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நர்ஸம்மா, காய்ச்சல் எனக்குத்தானே? நான் தாங்கிக்கறேன். மூணு மாசம் தாங்க மாட்டேன்."

"குழாயை அப்புறம்கூட ஒட்டலாம். காய்ச்சலோட வயித்தைத் திறந்து உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, உங்களை யாரு ஒட்டுறது?"

வெளியே நடையில் யதுல்லாவின் குரல் கூரையைப் பிய்த்தது. "என் பெண்டாட்டிக்குக் காய்ச்சலா? உங்க தெர்மாமீட்டருக்குத்தான்யா காய்ச்சல்! கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்ல? ஆம்பளை போட்ட கையெழுத்துக்கு இங்கே மதிப்பே இல்லையா?"

"எனக்காக அவராவது சண்டை போடறாரே," என்று விம்மினாள் ஃபரங்கீஸ். "யாரு சொன்னது உங்களுக்கு? அதை மட்டும் சொல்லுங்க."

நர்ஸ் கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு மடித்த படிவத்தை அவள் மடியில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

கையெழுத்து போட வேண்டிய இடத்தில் கையெழுத்து இல்லை. கோணல் எழுத்தில் நாலு வரி இருந்தது:

'இவளுக்குக் காய்ச்சல். வாயில் ஐஸ் வைத்து ஏமாற்றுகிறாள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். மண்ணைத் தோண்டி நான் உயிரோடு எடுத்தது இவள் ஒருத்தியைத்தான்.'