தேயாத போன்

லிஃப்டுகளைச் சோதிக்கும் வேலையிலிருந்து திரும்பிய மனைவி, செருப்பைக் கழற்றும் முன்பே கத்தினாள்.

"என் போன்ல என்னத்த நோண்டி வெச்சீங்க? நாற்பது கேள்வி ஃபாரத்தை நிரப்பிட்டு, லிஃப்ட் கயித்தைப் போட்டோ எடுக்கக் கேமராவைத் திறந்தேன். திரும்பி வந்தா ஃபாரம் மொத்தமா காலி! இந்த வாரத்துல ஏழாவது தடவை!"

"ஸ்வாப்பை நிறுத்தி வெச்சிருக்கேன்," என்றான் கணவன், பெருமையாக. "ரேம் நிரம்பினா போன் மிச்சத்தை ஸ்டோரேஜ்ல எழுதி வைக்கும், அதான் ஸ்வாப். எழுத எழுத ஸ்டோரேஜ் தேஞ்சு போகும்."

"அதுக்காக? வைக்க இடமில்லாம என் ஃபாரத்தையே தூக்கிக் கடாசுதே! ரிப்போர்ட் வரலைன்னா வேலை இருக்காதுன்னு மேனேஜர் திங்கட்கிழமையே சொல்லிட்டார்."

"காரணத்தைச் சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு? வீட்டுக்காரர் போனைத் தேயாமப் பார்த்துக்கிறார்னா? நெட்வொர்க் சரியில்லைன்னு சொன்னேன். நம்பலை."

"ஒரு பொருளோட அருமை உனக்கு எங்க தெரியும்? இந்த போன் இன்னும் அஞ்சு வருஷம் உழைக்கும், பார்."

அவள் போனைத் துடைத்து, சார்ஜரைச் சுருட்டி, இரண்டையும் அட்டைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"எங்க கொண்டு போற?"

"ஆபீசுக்கு. நாளைக்குக் காலையில திருப்பிக் கொடுக்கணும். அவங்க கொடுத்த போன்தானே."

"திடீர்னு ஏன் கேட்கிறாங்க?"

"போனுக்கு இன்னும் அஞ்சு வருஷம் வேலை இருக்குங்க. எனக்கு இன்னியோட முடிஞ்சுது."