பெரியவர் வீட்டில் இல்லை

"வந்துட்டான்! பெரியவரைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில தள்ளு!" என்று அடிக்குரலில் பதறினார் ஸ்டூடியோக்காரர்.

"அவசரத்துல கவுத்துடாதீங்க. போன தடவை விழுந்தப்போ ரெண்டு நாள் பேச்சுமூச்சு இல்லாம கிடந்தாரு," என்றாள் அவர் மனைவி. இருவருமாகப் பெரியவரைப் பக்குவமாய் உள்ளே நகர்த்தி, மேலே ஒரு பழைய போர்வையையும் போர்த்தினர்.

பெரியவர் என்று அவர்கள் மரியாதையாக அழைத்தது கடையின் பழைய கம்ப்யூட்டரை. பன்னிரண்டு ஆண்டுகளாக எடுத்த படங்கள் யாவும், எவர் வீட்டு விசேஷம், எந்த நாள், எத்தனையாவது படம் என்று வரிசை பிசகாமல் அதனுள் அடுக்கப்பட்டிருந்தன. தானாகவே 'அப்டேட்' ஆகிவிடுமோ என்ற பயத்தில், இன்டர்நெட் கம்பியை அதன் அருகில்கூட அண்டவிடமாட்டார் ஸ்டூடியோக்காரர்.

சூடு கண்ட பூனை அல்லவா! ஆறு மாதங்களுக்கு முன், மைத்துனன் பேச்சைக் கேட்டு, படம் திருத்தும் மென்பொருளின் புதிய பதிப்பை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டார். அது மணமகனைச் சமையற்காரர்களோடு சேர்த்துப் பட்டியலிட்டது. நாற்பது படம் திருத்தினால் நாற்பத்தொன்றாவதில் உறைந்து நின்றது. ஆகவே வேலை முழுவதும் பெரியவரிடம் இருந்த பழைய பதிப்பிலேயே நடந்தது.

ஆனால், புதியதை வாங்கியவர் பழையதை அழித்துவிட வேண்டும் என்பது கம்பெனியின் விதி. "கம்பெனி ஆள் ஒருத்தன் கடை கடையா ஏறி, பழசு இருக்கா, பழசு இருக்கான்னு துருவுறான். ஜாக்கிரதை!" என்று பக்கத்துத் தெரு ஃபோட்டோகிராபர் காலையில்தான் எச்சரித்திருந்தார். மறுநாள் மாலை கொடுத்தாகவேண்டிய திருமண ஆல்பத்தின் எண்ணூறு படங்களும் பெரியவரின் வயிற்றுக்குள் இருந்தன.

கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, அந்த மனிதர் உள்ளே வந்தார்.

"சார், பழைய வெர்ஷன் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"பழசா? புதுசு வாங்கின அன்னைக்கே அழிச்சாச்சு. விதின்னா விதிதானே சார்!"

வந்தவரின் முகம் வாடிற்று. "புதுசு எப்படி ஓடுது?"

"தங்கம் சார்! ஒரு நாள்கூட மக்கர் பண்ணினதில்லை."

"கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன்."

ஸ்டூடியோக்காரர் மனத்துக்குள் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுவிட்டு ஒரு படத்தைத் திறந்தார். திரை வெள்ளை வெளேரென்று ஆயிற்று. மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றனர்.

"என்ன சார், நின்னுடுச்சா?"

"சேச்சே, யோசிக்குது. பெரிய மூளை பாருங்க, நிதானமாத்தான் யோசிக்கும்."

"என் தம்பி பார்த்து வாங்கினது. சோடை போகாது," என்று மனைவியும் ஒத்து ஊதினாள்.

"உன் தம்பி மாதிரியேதான் இருக்கு," என்று பல்லைக் கடித்தார் கணவர்.

வந்தவர் பெருமூச்செறிந்து, மேசைமேல் கிடந்த ஓர் ஆல்பத்தை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. "அடேயப்பா! இது எப்போ பண்ணினது?"

"போன வாரம் சார்," என்றார் ஸ்டூடியோக்காரர். பெருமையில் நாக்குத் தவறிவிட்டது.

"போன வாரமா? புதுசுல இந்தக் கலர் வராதே! எல்லார் மூஞ்சியும் மஞ்சக்காமாலை வந்த மாதிரில்ல இருக்கும்?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தார் ஸ்டூடியோக்காரர். அந்நேரம் பார்த்து, அவசரத்தில் அணைக்காமல் மின் இணைப்போடு தள்ளப்பட்ட பெரியவர், உள்ளறையிலிருந்து 'ஙொய்' என்று இரையத் தொடங்கினார்.

"உள்ளே என்ன சத்தம்?"

"மாமனார் சார். சாப்பிட்டுட்டுக் குறட்டை விடறாரு."

தன் தந்தையைப் போகிற போக்கில் கட்டிலுக்கடியில் கிடத்திவிட்ட கணவரை மனைவி முறைத்தாள். வந்தவரோ வாசலுக்குச் சென்று தெருவின் இருபுறமும் பார்த்தார். பிறகு கடைக் கதவைச் சாத்தித் தாமே தாழிட்டார். உள்ளறையை நோக்கி நடந்தார்.

ஸ்டூடியோக்காரர் ஓடிப்போய்க் கட்டிலின்முன் கைகளை விரித்து நின்றார்.

"ஒத்துக்கறேன் சார்! உள்ளே இருக்கிறது பழசுதான். இதை அழிச்சீங்கன்னா என்னோட பன்னிரண்டு வருஷமும் போச்சு, நாளைக்கு அந்தக் கல்யாண வீட்டுக்காரங்க என்னை உயிரோட விடமாட்டாங்க. என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க, அது மேல மட்டும் கை வெச்சிடாதீங்க!"

வந்தவர் விரிந்திருந்த அவ்விரு கைகளையும் தாவிப் பற்றிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"மெதுவாப் பேசுங்க சார்! புது வெர்ஷனுக்கான விளம்பரப் படத்தையெல்லாம் நாங்க பழசுலதான் பண்ணிட்டிருந்தோம். நேத்து எங்க ஆபீஸ் கம்ப்யூட்டரை எவனோ அப்டேட் பண்ணித் தொலைச்சுட்டான்!"