வெளியே போனவர்கள்

யாரும் கை தூக்கவில்லை.

தவமும் தூக்கவில்லை. கணவன் சொல்லித்தான் அனுப்பியிருந்தான்.

"போய்ப் பேசாம இருந்திட்டு வாரும். கையைத் தூக்கிப் போடாதேயும். பிறகு கடையை ஆர் பாக்கிறது?"

"தூக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கடை தெருவுக்கு அந்தப் பக்கம். ஊர்ச்சபைக் கட்டடத்து ஜன்னலால் பார்த்தால், கல்லாவில் அவன் கொட்டாவி விடுவதுகூடத் தெரியும்.

சபைத் தலைவர் போன மாதம் மகளோடு இருக்க வான்கூவருக்குப் போய்விட்டார். இன்று புதிதாக ஒருவர் அமையாவிட்டால் சபை கலையும். நெடுஞ்சாலைக்கு அப்பால் உள்ள பெரிய ஊரோடு இந்த ஊரைச் சேர்த்துவிடுவார்கள். பனி வழிக்கும் வண்டி அங்கிருந்து வரும், வந்தால். பள்ளிக்கூடம் அங்கே போய்விடும். பிள்ளை குட்டிக்காரர் பின்னாலேயே போய்விடுவார்கள்.

பிறகு கடை யாருக்கு?

சுவரில் பழைய தலைவர்களின் படங்கள். அவள் சஸ்கச்சுவான் மாகாணத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், செயலாளர் இங்க்ரிட் அவற்றைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள்.

"இவர் குதிரைக்குத் தண்ணி வைக்க வெளிய போனவர். திரும்பி வரேக்க தலைவர். இவருக்குச் சுருட்டுப் பழக்கம். இந்த மனுசி கோப்பி பொங்குதெண்டு ஓடினவ. இஞ்ச ஆரும் கேட்டுப் பதவிக்கு வாறேல்லை, தவம். ஆர் வெளிய போகினமோ, அவையின்ர தலையில கட்டிவிடுறதுதான்."

குதிரைக்காரர் காலத்தில் ரயில் வந்தது. சுருட்டுக்காரர் காலத்தில் மின்சாரம். கோப்பிக்காரி பள்ளிக்கூடம் கட்டினாள்.

இன்று ஒருவரும் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. ட்ராக்டர் திருத்தும் ஓலேவுக்கு மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தது. காலுக்கு மேல் காலைப் போட்டு இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

"வேற ஆரும் இல்லையோ?" இங்க்ரிட் கடைசித் தடவையாகக் கேட்டாள்.

இல்லை.

தவம் எழுந்தாள். கோட்டை மாட்டினாள். கையுறைகளைப் போட்டாள். ஒரு விரல் இடம் மாறி நுழைந்துவிட, கழற்றித் திரும்பவும் போட்டாள்.

"கார் குளிரில உறைஞ்சு நிக்குதோ தெரியேல்லை. ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

ஓலே ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மேசைக்கு அடியில் யாரோ அவன் பூட்ஸை மிதிக்கும் சத்தம். வாயை மூடிக்கொண்டான்.

கதவைச் சாத்திவிட்டு அவள் படியில் நின்றாள்.

பனியில் அவள் நடந்து வந்த காலடிகள் கடை வாசலில் இருந்து நேராகத் தெருவைக் கடந்து வந்திருந்தன.

எதிரே ஜன்னலில் கணவன் எட்டிப் பார்த்தான். என்ன என்று கையால் கேட்டான்.

உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும்.

அவள் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டாள், அவனுக்கு நன்றாகத் தெரியும்படி.