வாசலுக்கு மட்டும் துரு

"அது எப்படி சார்? தெரு முழுக்க ஒரே குழாய், ஒரே நாள்ல புதைச்சது. என் வாசல்ல மட்டும் அதுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சா?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. வாயைத் திறந்தால் விதி, சட்டம் என்பார். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே 'சட்டம்'தான்.

திட்டு வாங்கிக்கொண்டு நின்றவர் தண்ணீர் அலுவலகத்து மதிப்பீட்டாளர். பழைய குழாய் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும், இன்றைக்கு என்ன பெறும் என்று பார்த்து எழுதுகிற வேலை. காலையில் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி, இரும்புக் கம்பியைக் குழாய்மேல் ஊன்றி, காது வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். 'சட்டம்' வாசலில் மட்டும் கால் மணி நேரம்.

"நாடி பார்க்கிறாராக்கும்!" என்று சிரித்தார் தையல்காரர்.

எழுதியதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தெருவுக்கு இன்னும் பதினைந்து வருஷம். 'சட்டம்' வாசலில் பன்னிரண்டு அடிக்கு மட்டும் மதிப்பு பூஜ்யம். காரணம், துரு. உடனே தோண்டி மாற்றவும்.

"குழாய்க் கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான்?" என்று பாய்ந்தார் 'சட்டம்'.

கடைசி வீட்டுச் சலவைக்காரம்மா குறுக்கே வந்தாள்.

"தோண்டட்டுமே அண்ணே. ஒரு வருஷமா என் குழாயில காத்துதான் வருது. பாதித் துணி வேற கடைக்குப் போயிடுச்சு. இப்படியே போனா நானும் சாத்திட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

"நீ சும்மா இரும்மா! இதுல ஏதோ உள்குத்து இருக்கு. மேலிடத்துக்கு எழுதறேன். வேற ஆள் வந்து பார்க்கட்டும்!"

மதிப்பீட்டாளர் கம்பியைத் துடைத்துச் சாய்த்து வைத்தார். "இப்படி வாங்க சார்" என்று அவரை ஓரமாகக் கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னார்.

'சட்டம்' முகம் சுண்டிப் போயிற்று. திரும்பி வந்தவர் பேனா கேட்டு வாங்கி, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கே தோண்டுங்க."

"பார்த்தியா, பங்கு படிஞ்சிருச்சு!" என்றார் தையல்காரர்.

மூன்றாம் நாள் கடைசி வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தது. அந்தப் பங்கு எவ்வளவு இருக்கும் என்றுதான் தெரு இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறது.

மதிப்பீட்டாளர் காதில் சொன்னது இவ்வளவுதான்:

"மண்ணுக்கடியில உங்க வீட்டுக்குத் தனியா ஒரு இணைப்பு திரும்புது, கம்பியில கேட்டுட்டேன். வேற ஆள் வந்தா திருட்டுன்னு எழுதுவார் சார். நான் துருன்னு எழுதியிருக்கேன்."