முசியேவுக்கு ஒரு பரிவட்டம்

மாலை ஐந்தரை மணிக்கு எட்டுப் பேர் சிவப்பிரகாசம் வீட்டில் கூடினார்கள். புதுச்சேரியில் பாகூர் பக்கத்து ஊர் ஒன்றின் கோவில் திருவிழாக் குழு அது. சிவப்பிரகாசம்தான் தலைவர். கரும்பும் நெல்லும் போடுகிறவர்.

கூட்டத்துக்குக் காரணம் அவர் மகன் புகழ்வேந்தன். அகில இந்திய ராக்கெட் லீக் போட்டியில் அவன் அணி பெங்களூரில் நடக்கப்போகும் இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டது. இந்த வீடியோ கேமும் கால்பந்துதான். ஆனால் ஆட்டக்காரனுக்குக் கால் கிடையாது, கார்தான். கார் எகிறிப் பறந்து பந்தை முட்டும். அணிக்கு மூன்று பேர். மற்ற சுற்றுகளை அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம்.

போன மாதம்வரை, "பொம்ம கார் ஓட்டற நாயி" என்று மகனைத் திட்டி நெட் வயரைப் பிடுங்கிப் போட்டவர் சிவப்பிரகாசம். பிறகு பேப்பரில் செய்தி வந்தது.

"காணும் பொங்கலன்னிக்கு கோவில் வாசல்ல பாராட்டு விழா. புள்ளைங்க மூணு பேருக்கும் பரிவட்டம் கட்டறோம். முச்சந்தில பேனர்," என்றார்.

"புகழும் விஜயராஜும் நம்ம ஊட்டுப் புள்ளைங்க. மூணாவது யாரு மாமா?" என்று கேட்டார் பொருளாளர் கலைவேந்தன்.

புகழ்வேந்தன் பதில் சொன்னான். "நேர்ல பாத்ததில்ல. நெட்ல சேந்தவன். 'முசியே'ன்னு பேரு வெச்சிருக்கான், பிரெஞ்சுல 'சார்'னு அர்த்தம். மைக்ல பேச மாட்டான், எல்லாம் டைப்புதான். கோல் போட்டா 'மெர்சி'ன்னு அனுப்புவான். எங்க டீம்லயே அவன்தான் பெஸ்ட்டு."

"மெர்சியா? அப்ப பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கற சொல்தா ஊட்டுப் புள்ளையா இருக்கும்."

"சொல்தா ஊட்டுப் புள்ளைங்க இப்பல்லாம் 'தேங்க்ஸ் ப்ரோ'ன்னுதான் சொல்லுது. இவன் அசல் வெள்ளக்காரன்," என்று தீர்த்துச் சொன்னார் சிவப்பிரகாசம்.

கலைவேந்தன் இழுத்தார். "வெள்ளக்காரனுக்குப் பரிவட்டமா? மாட்டுக்கறி துன்றவனாச்சே."

"இன்னாய்யா பேசற? அது அவங்க பழக்கம். நம்ம வாசலுக்கு வர்ற மனுசன இன்னா துன்னன்னா கேப்பாங்க? அவனுக்குப் பிளாஸ்டிக் சேர் போட்டுடாத. குஷன் சேர் சொல்லிடு."

"பேனருக்குப் போட்டோ கேட்டிருக்கேன்பா. இன்னிக்கு அவனே எடுத்துனு வரேன்னான்," என்றான் புகழ்வேந்தன்.

வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டி வந்து நின்றது. கம்பெனி சட்டையோடு இறங்கியவன் பாக்யராஜ். ஏரிக்கரைக்கு அந்தாண்ட இருக்கும் காலனியில் ரோசம்மாளின் மகன். ரோசம்மாள் சிவப்பிரகாசத்தின் கரும்பில் களை வெட்டுகிறவள்.

"இன்னாடா, அம்மா நாளிக்கு வேலைக்கு வராதா?" என்றார் சிவப்பிரகாசம்.

"வரும் சார். நான் போட்டோ குடுக்க வந்தேன். நான்தான் முசியே."

கலைவேந்தன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப மெர்சி?"

"பாண்டில ஒரு ஓட்டல்ல சர்வரா இருந்தேன். தட்டு வெச்சா வெள்ளக்காரங்க அதத்தான் சொல்லுவாங்க. நல்லா இருந்துச்சி, எடுத்துக்கிட்டேன்."

"மைக்ல ஏன்டா பேசல?" என்று கேட்டான் புகழ்வேந்தன்.

"ஒரே ரூம் வூடு. அம்மா தூங்கும்."

பாக்யராஜ் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்து நீட்டினான். "முச்சந்தி வழியாத்தான் அம்மா தெனம் வேலைக்கு வரும். பேனர்ல என் மூஞ்சியப் பாக்கணும்னு ஒரே ஆசை. அதான் ஸ்டுடியோவுக்குப் போயி புதுசா எடுத்தேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது. சிவப்பிரகாசம் மின்விசிறியைப் பார்த்தார்.

கலைவேந்தன் கனைத்துக்கொண்டார். "பரிவட்டம்னா ஐதீகம்னு ஒண்ணு இருக்கு பாருங்க. அது மண்ணுல எறங்கி, வேர்வ சிந்தி ஆடறவங்களுக்கு. இவங்க ஒக்காந்த எடத்துல பட்டன அமுக்கறாங்க."

"ஆமாமா," என்றார்கள் மற்றவர்கள், ஒரே குரலில்.

"பேனர்லயும் மூஞ்சி எதுக்கு? ஒரு கப்பு படம் போட்டா போதும்," என்றார் கலைவேந்தன்.

புகழ்வேந்தன் எழுந்தான். "வெள்ளக்காரன்னு நெனச்சப்ப ஐதீகம் எங்க போச்சி? மூணு பேருக்கும் பரிவட்டம் கட்டணும். பேனர்ல மூணு படம் இருக்கணும். இல்லன்னா எனக்கு எதுவும் வேணாம்."

"டேய், பெரியவங்க பேசறப்ப ஒக்காருடா."

"ஒக்கார மாட்டேன்பா. இவன் இல்லன்னா பெங்களூர் ஃபைனல்ல நாங்க ஒரு கோல்கூட போட மாட்டோம்."

பாக்யராஜின் கையிலிருந்த படத்தை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தோளில் கைபோட்டு வாசல்வரை வந்தான்.

"அம்மாகிட்ட தைரியமா சொல்லு மச்சான். பேனர் பொறுப்பு என்னுது."

"அவங்க ஒத்துக்குவாங்களா?"

"நான் பாத்துக்கறேன். நீ பிராக்டிஸ மட்டும் உட்றாத."

பாக்யராஜ் ஸ்கூட்டியை எடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

2026 ஜனவரி 17, காணும் பொங்கலன்று கோவில் வாசலில் பாராட்டு விழா நடந்தது. மூன்று பரிவட்டங்கள் கட்டப்பட்டன. மூன்றாவதை, 'பிரான்சிலிருந்து வர இயலாத வீரர்' சார்பில் சிவப்பிரகாசமே கட்டிக்கொண்டார். முச்சந்திப் பேனரில் மூன்று படங்கள் இருந்தன. மூன்றாவது படத்தில் இருந்தவர் பொன்னிற முடியுள்ள ஒரு வெள்ளைக்காரர். அந்தப் படத்தை நெட்டில் தேடி எடுத்து பேனர் கடைக்கு அனுப்பியவன் புகழ்வேந்தன்.